மாமிக்கு ஏன் இரும்புக் குளிசை கொடுக்கவில்லை

"ரத்தம் காணாது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது. முருங்கை இலை வறை, பொன்னாங்காணி, ஆட்டீரல், பேரீச்சம்பழம், ஒரு போத்தல் டொனிக் என்று வரிசையாக வந்து இறங்கும். குறைந்தது எதுவோ அதைக் கொடு, கணக்கு சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் பெரிய பிழை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அது எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்ற கேள்வி மாமியின் காலில் இருந்து தொடங்கி இன்னும் என்னை விடவில்லை.

மாமிக்கு நெடுநாள் சீனி வருத்தம். உப்புவெளிக் கடற்கரையில் பேரப்பிள்ளைகளோடு நடக்கும்போது சிப்பி ஓடு ஒன்று உள்ளங்காலைக் கீறியிருக்கிறது. அவருக்கு உறைக்கவும் இல்லை, சீனி வருத்தக்காரரின் கால் அப்படித்தான். பிறகு பார்த்துவிட்டு, கடல் தண்ணீரில் கழுவினால் ஆறும் என்று அதிலேயே கழுவியிருக்கிறார். (ஆறாது. எங்கள் கடல் மாதிரி வெதுவெதுப்பான உவர்நீரில் காயத்துக்குள் புகக்கூடிய விப்ரியோ வகைக் கிருமிகள் வாழும். நல்ல குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் போதும்.) கால் வீங்கி, காய்ச்சல் ஏறி, வாட்டில் சேர்த்தபோது சீழ் பரிசோதனையில் வந்தது கடல் கிருமி அல்ல, பலரின் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டெபைலோகொக்கஸ் ஓரியஸ். அதோடு ஈமோகுளோபின் 9க்குக் கீழே. அவ்வளவுதான், பார்வையாளர் நேரத்தில் விறாந்தையில் குடும்ப மாநாடு கூடிவிட்டது. "ஒரு இரும்பு ஊசி போட்டால் முடிஞ்சுது, ஏன் போடாமல் வச்சிருக்கினம்?" என்று பெரியப்பா. குளிசைகூட எழுதவில்லை என்று மச்சாள். கவனிக்காமல் விடுகிறார்கள் என்ற முடிவுக்கு எல்லாரும் வந்தாயிற்று. ஈரல் சமைத்த தூக்குச்சட்டியோடு நானும் அங்கேதான் நின்றேன்.

வெளியில் ஒரு ஆய்வுகூடத்தில் செய்வித்த ரிப்போர்ட் கைக்கு வந்தது அந்த நேரத்தில்தான். இரத்தத்தில் ஓடும் இரும்பு குறைவு என்று இருந்தது. சரி, அதைத்தானே சொல்கிறோம் என்று பெரியப்பா தலையாட்டினார். அதற்கு இரண்டு வரி கீழே பெரிட்டின் என்று ஒன்று. 600ஐத் தாண்டியிருந்தது. பக்கத்தில் அச்சடித்திருந்த வழக்கமான அளவைவிடப் பல மடங்கு. பெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம் என்பது ஏ.எல். படித்த நினைவில் எங்கேயோ கிடந்தது. சேமிப்பு ஏகத்துக்கும், ஓட்டத்தில் இருப்பது கொஞ்சம். இது எப்படிச் சரிவரும்? வாட்டில் நின்ற இளம் டொக்டர்ப் பிள்ளையிடம் கேட்டேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இரும்பு இல்லாமல் இல்லை அண்ணா. இருக்குது. காய்ச்சல் நேரம் உடம்பே அதை வெளியில விடாது, கிருமிக்குப் போயிடும் என்று. முதல் கால் ஆறட்டும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு சாதாரண பதில். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

உடம்பு போடும் தடை

வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம் வரைதான். அதில் பெரும்பங்கு செங்குருதிக் கலங்களுக்குள் ஈமோகுளோபினாக இருக்கிறது. நாங்கள் முருங்கையும் ஈரலும் சாப்பிட்டு நாளொன்றுக்கு உள்ளே எடுப்பது 1 அல்லது 2 மில்லிகிராம். ஆனால் புதிய குருதிக் கலம் செய்ய உடம்புக்குத் தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், வயதான செங்குருதிக் கலங்களை மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள மக்ரோபேஜ் கலங்கள் விழுங்கி, அதிலிருந்த இரும்பைத் திரும்ப இரத்தத்துக்கு விடுகின்றன. ஆகவே உண்மையான இரும்பு வரவு சாப்பாட்டுத் தட்டிலிருந்து வருவது குறைவு, பழையதைத் திருப்பி எடுப்பதுதான் அதிகம். இது தெரிந்தபோதே என் தூக்குச்சட்டியின் மதிப்பு பாதியாக இறங்கிவிட்டது.

கிருமி உள்ளே வந்து அழற்சி தொடங்கியதும் இன்டர்லூக்கின் 6 என்ற சமிக்ஞை ஈரலுக்குப் போகிறது, ஈரல் ஹெப்சிடின் என்ற சின்ன ஓமோனைச் சுரக்கிறது. இரும்பு குடலிலிருந்தும் மக்ரோபேஜ் கலங்களிலிருந்தும் இரத்தத்துக்கு வெளியேற ஒரேயொரு வாசல்தான் இருக்கிறது, பெரோபோட்டின் என்ற புரதம். ஹெப்சிடின் போய் அந்த வாசலையே அழித்துவிடுகிறது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கு இன்டர்லூக்கின் 6ஐ ஏற்றிப் பார்த்தபோது சில மணித்தியாலங்களுக்குள் அவர்களின் இரத்த இரும்பு மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருக்கிறது. யாருக்கும் கிருமி இல்லை, இரத்தம் போகவும் இல்லை. உத்தரவு மட்டும் போயிருக்கிறது. குளிசையாகக் கொடுத்தாலும் குடல் வாசல் மூடிக் கிடப்பதால் பெரும்பகுதி கறுப்பாக வெளியே போகும். ஊசியாக ஏற்றினால் குடலைச் சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் தொற்று முழுவீச்சில் இருக்கும்போது அதைத் தள்ளிவைப்பதுதான் வழக்கமான மருத்துவ முறை.

படித்துக்கொண்டு போகும்போது எனக்கு வந்த நினைவு போர்க்காலத்துப் பொருளாதாரத் தடைதான். மூதூர் கிழக்கிலும் வெருகல் பக்கமும் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பற்றரி, சீமெந்து, யூரியா, மண்ணெண்ணெய் எதுவும் சாவடி தாண்டாது, தாண்டினாலும் அளந்துதான் தாண்டும். எதிரிக்குப் போய்விடக்கூடாது என்பது காரணம். உடம்பும் அதையேதான் செய்கிறது. இரத்தத்தில் ஓடும் இரும்பு தனியாக ஓடுவதே இல்லை. டிரான்ஸ்பெரின் என்ற புரதம் ஒவ்வொன்றும் இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும், அதிலும் சாதாரண நாளில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் நிரம்பியிருக்கும், மீதி எல்லாம் வெறுமையாக, யாராவது தவறவிட்டால் பிடித்துக்கொள்ளத் தயாராக. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் எச்சிலிலும் இதே வேலையை லக்டோபெரின் பார்க்கிறது. காய்ச்சல் இல்லாத நாளிலேயே கெடுபிடி இப்படி, வந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. இந்த உவமையை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் உடம்பு எங்கள் பக்கம். ஆனால் பொருந்துகிறது, பின்னால் வரும் ஒரு காரணத்துக்காக இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

இதை முதலில் பிடித்தவர்களின் கதை ஒரு முட்டையில் தொடங்குகிறது. ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இருவர் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு ஏன் வயிற்றுளைவுக் கிருமியை வளரவிடுவதில்லை என்று பார்த்தார்கள். என்னென்னவோ சேர்த்துப் பார்த்ததில், இரும்பைச் சேர்த்ததும் கிருமி மறுபடி வளர்ந்தது. அது 1944. வெள்ளைக்கரு நஞ்சு வைக்கவில்லை, பட்டினி போட்டிருக்கிறது. இரண்டு வருடத்தில் மனித இரத்தத்திலும் அதே மாதிரி இரும்பைக் கட்டிப்பிடிக்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார்கள், அதுதான் பின்னால் டிரான்ஸ்பெரின் ஆனது.

கிருமி சும்மா இருக்குமா

இருக்காது. இரும்பு கிடைக்காமல் தவிப்பது பற்றீரியாவுக்குப் புதிதும் அல்ல. இரும்பு பூமியில் ஏராளம், புல்மோட்டையில் அள்ளும் கறுப்பு இல்மனைட் மணலே இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்ததுதான். ஆனால் காற்றுப்படும் இடத்தில் இரும்பு துருவாகிக் கரையாமல் கிடக்கும், கையில் எட்டாது. அதனால் மண்ணிலும் கடலிலும் வாழ்ந்த பற்றீரியாக்கள் மனிதன் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே சிடரோபோர் என்ற சிறு மூலக்கூறுகளைச் செய்யப் பழகியிருந்தன. அவற்றை வெளியே விடும், அவை இரும்பை இறுக்கிப் பிடிக்கும், பிடித்ததை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவின் சிடரோபோரான என்டரோபக்டின் இரும்பைப் பிடிக்கும் பிடி, டிரான்ஸ்பெரினிடமிருந்தே பறிக்கும் அளவுக்கு வலிமையானது. உடம்பு அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. லிப்போகலின் 2 என்ற புரதம் இரும்போடு போகும் என்டரோபக்டினை வழியிலேயே மடக்கிவிடும். அதற்கு சல்மொனெல்லா என்ன செய்ததென்றால், அதே என்டரோபக்டினில் குளுக்கோசை ஒட்டிப் பருமனாக்கிவிட்டது, லிப்போகலினின் குழிக்குள் அது இப்போது அடங்காது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, கைதட்டவும் தோன்றியது.

மாமியின் காலில் இருந்தது வேறு ஜாதி. ஸ்டெபைலோகொக்கஸும் சிடரோபோர் செய்யும், ஆனால் அதற்கு விருப்பமான வழி நேரே பண்டகசாலையை உடைப்பது. நச்சுப் புரதங்களால் செங்குருதிக் கலத்தை உடைத்து, வெளியே சிந்தும் ஈமோகுளோபினைத் தன் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தால் பிடித்து, அதற்குள் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீம் என்ற பகுதியை உருவி எடுத்து, உள்ளே கொண்டுபோய் இரும்பைப் பிரிக்கும். எலியின் ஈமோகுளோபினைவிட மனித ஈமோகுளோபினைத்தான் அது நன்றாகப் பிடிக்கும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்களோடு எவ்வளவு காலம் பழகியிருந்தால் இந்தத் தேர்ச்சி வரும்! மூளைக்காய்ச்சல் தரும் நைசீரியா சிடரோபோரே செய்வதில்லை. மனித டிரான்ஸ்பெரினையே கொக்கி போட்டுப் பிடித்து இரும்பைக் கழற்றும், மற்றப் பிராணிகளின் டிரான்ஸ்பெரின் அதற்கு உதவாது. குரங்கினங்களின் டிரான்ஸ்பெரின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வு ஒன்றில், கொக்கி பிடிக்கும் அந்த இடங்களில்தான் பரிணாமம் வேகமாக மாற்றங்கள் செய்திருப்பது தெரிந்தது. கோடிக்கணக்கான வருடங்களாக ஒரு பிடியைக் கழற்ற எங்கள் முன்னோர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள், அதுவும் பின்னாலேயே வந்திருக்கிறது.

இரும்போடு இது முடியவில்லை. சீழ் என்று அருவருத்துத் துடைக்கிறோமே, அதில் நிறைந்திருக்கும் நியூட்ரோபில் வெண்கலங்களின் கரையும் புரதத்தில் ஏறக்குறையப் பாதி கல்புரொடெக்டின் என்ற ஒரே புரதம். அதன் வேலை மங்கனீசையும் துத்தநாகத்தையும் கிருமிக்குக் கிடைக்காமல் கட்டிவைப்பது. எலிகளில் ஸ்டெபைலோகொக்கஸ் கட்டியை வெட்டி உலோகங்களை வரைபடமாக்கிப் பார்த்தபோது கட்டிக்குள் மங்கனீசே இல்லாமல் துடைத்துவிட்டது போல இருந்ததாம். செம்பில் மட்டும் உடம்பு நேர்மாறாக நடக்கிறது, விழுங்கிய கிருமி மேல் செம்பை அள்ளிக் கொட்டி நஞ்சாக்குகிறது. லைம் நோய் தரும் பொரீலியா என்ற கிருமியோ இரும்பே வேண்டாம் என்று விட்டுவிட்டு மங்கனீசில் காலம் தள்ளுகிறது. தடை போட்ட பொருளே தேவையில்லை என்றவனை என்ன செய்வது.

தடையின் விலை

இந்த இழுபறி வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை என்று எனக்கு உறைத்தது சிக்காகோவில் 2009இல் நடந்த ஒரு மரணத்தைப் படித்தபோது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிளேக் கிருமியில் வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கையாண்டது வீரியம் குறைத்த இனம். இரும்பு எடுக்கும் திறனை இழந்தபடியால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று கருதப்பட்டது. அந்தக் கிருமியே அவர் உயிரைக் கொண்டுபோனது. இறந்தபின் பரிசோதித்ததில் அவருக்கு ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோய் இருந்தது தெரியவந்தது, உடம்பில் இரும்பு தேவைக்கு மேல் தேங்கும் நோய், உயிரோடு இருந்தபோது கண்டுபிடிக்கப்படவில்லை. கிருமியிடம் இல்லாமல் போன திறமையை அவர் உடம்பில் வழிந்த இரும்பு ஈடுசெய்திருக்கலாம் என்று விசாரித்தவர்கள் எழுதினார்கள். முன்னே சொன்ன கடல் விப்ரியோவில் வல்னிஃபிக்கஸ் என்ற இனமும் ஈரல் நோயாளரையும் இரும்பு மிகுந்தவர்களையும்தான் கொடூரமாகத் தாக்கும். தலசீமியாப் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஸ்பெரியொக்சமின் மருந்து இருக்கிறதே, அது மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பற்றீரியா செய்யும் சிடரோபோர்தான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. ஆனாலும் சில யெர்சினியா கிருமிகளும் மியூக்கர் வகைப் பூஞ்சைகளும் அந்த மருந்தையே தங்கள் சிடரோபோராகப் பாவித்துக்கொள்ளும். மருத்துவமும் பதிலுக்கு ஒரு கள்ளவழி கண்டிருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகோல் என்ற அன்டிபயோட்டிக் சிடரோபோர் போல இரும்பைப் பிடித்துக்கொண்டு போகும். கிருமி இரும்பு வருகிறதென்று தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆனால் நான் அதிகம் யோசித்தது தடையின் மறுபக்கத்தை. பற்றரியும் யூரியாவும் நிறுத்தினால் முதலில் தவித்தது யார்? வயல் செய்தவரும் விளக்கில்லாமல் படித்த பிள்ளையும்தான். ஹெப்சிடின் வாசலை மூடும்போதும் கிருமிக்கு முன்னால், புதிய குருதிக் கலம் செய்யும் எலும்பு மச்சைதான் இரும்பில்லாமல் நிற்கிறது. ஈமோகுளோபின் இறங்குகிறது, தலை சுற்றுகிறது, படி ஏற முடியவில்லை. ஒரு கிழமைக் காய்ச்சலென்றால் பரவாயில்லை, வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மாதக்கணக்கில் ஆறாத சீனி வருத்தப் புண், காசநோய், மூட்டுவாதம் இருப்பவர்களுக்குத் தடை நீக்கப்படுவதே இல்லை. உடம்பு தன்னைக் காக்கப் போட்ட கட்டுப்பாட்டிலேயே இளைத்துப்போகிறது. இதை ஞானம் என்று புகழ்ந்து வட்சப்பில் வரும் குரல்பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை. உடம்புக்கு எல்லாம் தெரியும், தலையிடாதே என்கிறார்கள். உடம்புக்குப் பழைய காலத்துக் கிருமிகளைத் தெரியும், அவ்வளவுதான். அறுபது வயதில் சீனி வருத்தத்தோடு வாழும் மாமியை அதற்குத் தெரியாது.

மறுபக்கம், "குறைந்தால் கொடு" என்பதும் சிலவேளை உயிரை எடுக்கும். சான்சிபாரின் பெம்பா தீவில் சிறுபிள்ளைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. மலேரியா மிகுந்த இடம். இரும்பு பெற்ற பிள்ளைகளில் கடும் நோயும் இறப்பும் கூடியிருந்ததால் இடையில் நிறுத்த வேண்டி வந்தது. (மலேரியாக் கிருமி பற்றீரியா இல்லை, ஆனாலும் பாடம் ஒன்றுதான்.) அதே நேரம் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் ஒழுங்காக உள்ள இடத்தில் அந்தப் பயம் இல்லை என்றும் பின்னால் தெளிவானது. எங்கள் கிழக்கு மாகாணம் ஒருகாலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன இடம், 2016இல் இலங்கை முழுவதுமே மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்தத் தீவின் கதையைக் கொண்டுவந்து இங்கே கிளினிக்கில் குளிசை வாங்கும் ஒருவரைப் பயமுறுத்தக் கூடாது.

அப்படியொரு பயமுறுத்தலைத்தான் மாமி செய்தார். கால் மெல்ல ஆறி வீட்டுக்கு வந்தபின், திரும்ப எடுத்த பரிசோதனையில் பெரிட்டின் நன்றாக இறங்கியிருந்தது, அப்போதுதான் டொக்டர் இரும்புக் குளிசை எழுதினார். மாமிக்கோ வாட்டில் கேட்டதுதான் மனதில் நின்றது. "இரும்பு கிருமிக்குச் சாப்பாடு" என்று தான் குளிசையை விழுங்காததோடு, பக்கத்து வீட்டில் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்த பிள்ளைக்கும் சொல்லி, அவளும் கிளினிக்கில் தந்த பைக்கற்றை அலுமாரியில் வைத்துவிட்டாள். ஏற்கெனவே வாந்தி வருகிறது, மலம் கறுக்கிறது என்று தப்ப வழி பார்த்துக்கொண்டிருந்தவள், நல்ல சாட்டு கிடைத்தது. காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை, வயிற்றில் பிள்ளை வளர்கிறது, அவளுக்குத் தேவைப்படுவது உண்மையான இரும்பு. அவள் உடம்பில் ஹெப்சிடினே இறங்கி, குடல் வாசல் அகலத் திறந்திருக்கும் காலம் இது. மாமியிடம் நான் இதை ரிப்போர்ட்டை விரித்துவைத்து விளக்கினேன், பெரிட்டின் வரி எது, இரும்பு வரி எது, அன்றைக்கு என்ன இருந்தது, இன்றைக்கு என்ன இருக்கிறது என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த டொக்டர்ப் பிள்ளை சொன்னது பொய்யோ?" என்றார். பொய்யில்லை மாமி, அன்றைக்கு உண்மை. அது அவருக்குத் திருப்தி தரவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ். அலுமாரியைத் திறந்து மிச்சக் குளிசைகளை எண்ணிப் பார்த்தவர் ஏச்சுப் போட்டுவிட்டு, தன் முன்னாலேயே ஒன்றை விழுங்க வைத்தார். மாமியும் இப்போது விழுங்குகிறார். ஆனால் இருவரும் அதை விழுங்குவது பிளேன்ரீயோடு. தேயிலைச் சாயம் இரும்பைக் குடலில் உறிஞ்சவிடாது, தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கோ, தேத்தண்ணியை இரண்டு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கோ என்று சொல்லிப் பார்த்தாயிற்று. திருகோணமலையில் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று மாமி கேட்கிறார்.